பதினாலாம் பிளாக்கின் சிவப்புத் துணி

பழைய துணி கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. இதுவரை நான் தைத்த கால்மிதிகளை வரிசையாகப் போட்டால், கோலா சிலாங்கூர் கலங்கரை விளக்கத்தடியில் ஏறி, வெகுதூரம் வடக்கே இருக்கிற சுங்கை ஆயர் தாவார் ஊரில் போய் இறங்கலாம். வழியில் ஓரிடத்திலும் பாதத்தில் மண் ஒட்டாது. நடுவில் ஆறு குறுக்கிடுகிறதே என்பீர்கள். பாசிர் பெனம்பாங் மீன்காரர்கள் படகுக்குப் படகு என் கால்மிதியைத்தான் விரித்திருக்கிறார்கள். அதன்மேல் நடந்தே தாண்டிவிடலாம்.

இதை யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம், அதற்கெல்லாம் வருத்தப்படுகிறவன் நானில்லை. ஆனால் 1984-ஆம் வருஷம், தீபாவளிக்கு முந்தின மாதம், இரண்டே விரலால் ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்து இராமையா வீட்டு முயல்கள் பதினொன்றையும் கொன்றவன் நான்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். அதையும் நம்பவில்லை பாருங்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

என் பெயர் வீரன். செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற கும்பலுக்கு இருபத்தாறு வருஷம் மேற்பார்வை பார்க்கிற மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் சோமு தோட்டத்து லோரி ஓட்டுவதால், அவன் பேருக்குக் கிடைத்த லயத்து வரிசை வீட்டில்தான் என் ஜாகையும். செத்துப்போன மனைவியின் தையல் மிஷின் சும்மா கிடந்தது. எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் மிஷினுக்கே தெரியாத தையலெல்லாம் நான் போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மன் சன்னதித் திரையை நானே தைத்துத் தருவதாகக் கோயிலில் சொல்லியிருந்தேன். லயத்தில் ஒரு வீடு விடாமல் துணி வாங்கினேன். மூவாயிரத்து நானூறு துண்டு. பதினான்கு மாதம். திருவிழா அன்று மைக்கில் என் பெயரைச் சொல்வதாகப் பேச்சு. இதற்கு முன் மைக்கில் என் பெயர் வந்ததே இல்லை.

அடுத்த வீட்டு இராமையா செம்பனைக் குலை வெட்டுகிறவன். அவனுடைய ஒரே மகள் லீலாவதி, மூன்றாம் வகுப்பு. அவள் முயல் வளர்த்தாள். போண்டா, லட்டு, கோப்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, மத்தியானம் நான் கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்தில், அவை கூண்டை விட்டு வெளியேறி, பின்கட்டில் நான் மடித்து வைத்திருந்த திரைக்குள் புகுந்துவிட்டன. எழுந்து வந்து விரித்தேன். கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை.

சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. இராமையா திரையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. முயலுக்கே உங்க கைவேலை ருசிச்சிருக்கு. மனுசனுக்குத்தான் இன்னும் ருசிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பிறகு மருந்தடிக்கிற மண்டோராக வந்த சேதுவும் கூட்டத்தில் இருந்தான்.

"அம்மனுக்கு சன்னல் வச்ச திரை மாமா இது. உள்ள நல்லாக் காத்து வரும் லா," என்றான். சிரிப்பு இன்னும் பெரிதானது.

நானும் சிரித்தேன். கோபப்படவில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வராது. லீலாவதி மட்டும் அழுதாள். மறுநாள் தன் ரிப்பன் இரண்டையும் கொண்டுவந்து, "தாத்தா, போண்டா சின்னப் புள்ள, தெரியாமக் கடிச்சிருச்சு. இத வச்சு ஒட்டுப் போட்டுக்குங்க," என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல ரிப்பன். திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்து கடைத்திரை வந்தது. மைக்கில் கடைக்காரன் பெயரைச் சொன்னார்கள்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, எனக்கு முன்பிருந்தே உள்ளது. தோட்டத்தைப் பிரித்திருக்கிற பிளாக்குகளில் ஒன்றில் களைக்கு மருந்தடித்தால், அதன் முகப்பில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அந்தத் துணி தொங்குகிற வரைக்கும் அங்கே யாரும் ஆடு மாட்டுக்குப் புல் அறுக்க மாட்டார்கள். படிக்கத் தெரியாத கிழவிகூட அந்தத் துணியைப் பார்த்தால் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிடுவாள். தோட்டத்தில் மேனேஜர் துரையை மதிக்காதவன் இருக்கலாம். சிவப்புத் துணியை மதிக்காதவன் கிடையாது.

இராமையா தினமும் வேலை முடிந்து சைக்கிளில் பதினாலாம் பிளாக் பக்கம் போய் முயலுக்குப் புல் அறுப்பான். எந்த நாள் எந்தப் பக்கம் மருந்தடிப்பார்கள் என்பதை, இருபத்தாறு வருஷம் பார்த்தவன், பல் விளக்கிக்கொண்டே சொல்லிவிடுவேன். தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பதினாலாம் பிளாக்கின் முறை. மத்தியானம் சைக்கிளை மிதித்துப் போனேன். மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரத்தை மூன்றே நிமிஷத்தில் கடந்தேன் என்றால் அதுவும் பொய் என்பீர்கள். சேது நன்றாகத்தான் கட்டியிருந்தான். அவிழ்த்தேன். கம்பையும் பிடுங்கிக் கால்வாயில் விட்டேன். புல் பச்சைப் பசேலென்று நின்றது. மருந்து ஏறி வாடுவதற்கு இரண்டு நாள் ஆகும். அது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பதினொரு முயலும் கூண்டில் நீட்டிக் கிடந்தன. கத்தவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. முயல் அந்த விதத்தில் நல்ல பிராணி. லீலாவதிதான் ஒவ்வொன்றையும் மடியில் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றாவது பெயருக்குப் பிறகு கூப்பிடுவதை நிறுத்தினாள். அதன்பின் சில வாரம் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் பேசவில்லையாம். பிள்ளைகள் அப்படித்தான், பிறகு சரியாகிவிடும்.

ஒரு விஷயம் என் கணக்கில் இல்லை. சேதுவின் மனைவி கங்காவும் அந்த வெள்ளிக்கிழமை அங்கேயே புல் அறுத்திருக்கிறாள். புருஷன் மருந்தடித்த இடமானால் துணி இருக்கும். துணி இல்லை, ஆகவே அடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாள். அவர்களுடைய ஆடு இரண்டும் செத்தன. இதனால் சேது வசமாக மாட்டிக்கொண்டான். பெண்டாட்டிக்கே தெரியவில்லை என்றால் இவன் துணி கட்டவே இல்லை என்று துரை முடிவு செய்துவிட்டார்.

சேதுவுக்கு நான் எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. சிரித்தவர்களில் அவன் இரண்டாவது ஆள், அவ்வளவுதான்.

விசாரணைக்குத் துரை என்னையும் ஆபீசுக்கு அழைத்தார். அனுபவஸ்தன் அல்லவா. "ஒழுங்காகக் கட்டிய துணி காற்றில் தானாக அவிழுமா?" என்று கேட்டார். "ஒரு மாதம் புயலடித்தாலும் அவிழாது துரை," என்றேன். அது சத்தியம். நான் பொய் சொல்லவில்லை. சேது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, நான் கட்டுனேன் மாமா. நீங்களாச்சும் சொல்லுங்க," என்றான். நான் பார்க்காததை எப்படிச் சொல்வது?

வேலை போயிற்று. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான்.

இடையில் லீலாவதிக்கு ஒரு பொம்மை முயல் தைத்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே தைத்தேன். வெள்ளைப் பனியன் துணி, உள்ளே இலவம் பஞ்சு, கண்ணுக்குச் சட்டைப் பொத்தான், கழுத்தில் அவள் கொடுத்த ரிப்பன். இந்த நாட்டில் அப்படியொரு முயலை யாரும் தைத்ததில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மூக்கு அசைவது தெரியும். வாங்கியதும் நெஞ்சோடு அணைத்தாள். "போண்டா," என்றாள். அத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். இராமையாவின் பெண்டாட்டி என் காலில் விழப் போனாள். தடுத்துவிட்டேன்.

அதோடு விட்டிருப்பேன். விடாதது இராமையா. கடைசி வாரம் குழாயடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். நான் வேலி மறைவில் இருந்தேன்.

"சேது முட்டாப்பய, அவனால வந்த வினை. நம்ம மாமாமேலகூட எனக்கு ஒரு நிமிசம் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் சிரிச்சிட்டேன். அந்தத் திரைய முயல் கடிச்சப்பக்கூட மனுசன் பல்லக் காட்டிட்டு நின்னாரு. அவருக்குக் கோவம் வந்தா என்ன பண்ணிருவாரு? இன்னொரு கால்மிதி தைப்பாரு."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சேதுவின் மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். பாவம், தகப்பன் செய்யாத காரியத்துக்கு அவை ஏன் தெருவில் நிற்க வேண்டும்? பிள்ளைகளுக்காகத்தான் உண்மையைச் சொல்வதென்று முடிவெடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் கணக்கர் ரெங்கசாமி கிராணி, ஆள் வருகை குறிக்கிற பெரட்டுப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், ஆனால் எதையும் நம்பாதவர். மழை பெய்கிறது என்றால் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையைத் தேடுவார். துணியை அவிழ்த்ததையும் கம்பைப் பிடுங்கியதையும் சொன்னேன். பேனாவை வைக்காமலே கேட்டார்.

"மண்டோரே, போன வருசம் சாக்குத் தைக்கிற ஊசியால ஒரு முதலையக் குத்திக் கொன்னதாச் சொன்னீங்க."

"கொன்றேன் ஐயா."

"அதுக்கு முந்தின வருசம் புலி உங்களப் பாத்து வழி விட்டுச்சு."

"அது பெண் புலி ஐயா."

"இப்ப முயல். அடுத்த வருசம் கொசுவா? பதினாலாம் பிளாக் மூணு கட்டை. உங்க முட்டி குழாயடி வரைக்கும் தாங்காது. சேதுவக் காப்பாத்தணும்னு நல்ல மனசோட வந்திருக்கீங்க, அது தெரியுது. போய்ப் படுங்க."

நல்ல மனசாம். இந்த வயதில் ஒரு மனிதன் கேட்கக் கூடாத சொல். வியாழக்கிழமை மறுபடியும் போனேன், வெள்ளிக்கிழமையும் போனேன். மூன்றாம் முறை எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை காலை. சேது வீட்டுச் சாமானெல்லாம் லோரியில் ஏறிவிட்டது. ஓட்டுகிற இடத்தில் என் மகன் சோமு. மெத்தைக்கு மேலே மூன்று பிள்ளைகள். கங்கா பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கிராணியிடம் கொடுத்தாள். லயமே வாசலில் நின்றது. லீலாவதியும் பொம்மையோடு நின்றாள். சேதுவின் மூத்த மகள் அவளோடு ஒரே பெஞ்சில் படிக்கிறவள்.

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"கிராணி ஐயா, ஒங்ககிட்ட ஆதாரம் காட்டறேன். அந்தப் பொம்மையோட வயித்த அறுங்க."

இராமையா முன்னால் வந்தான். "என்ன மாமா, புத்தி கெட்டுப் போச்சா? அத வச்சுத்தான் புள்ள தூங்குது."

"அவிழ்த்த துணி அதுக்குள்ளதான் இருக்கு. நல்ல துணிய வீணாக்க எனக்கு மனசு வராது. மூணு தண்ணி அலசிட்டுத்தான் வச்சேன். நான் ஒண்ணும் மிருகம் இல்ல."

 கிராணி குழந்தைமுன் குனிந்தார். பொம்மையை நோக்கி நீட்டிய கையைப் பாதியில் மடக்கிக்கொண்டார். லீலாவதி பொம்மையை இறுக்கிக்கொண்டு லோரியைப் பார்த்தாள். மேலே தோழி தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  பிறகு அவளே பொம்மையை நீட்டினாள்.

"மெதுவா அறுங்க," என்றாள்.

கிராணி சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார். என் தையலை அறுக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அவ்வளவு நெருக்கமான தையல். பஞ்சு காற்றில் பறந்தது. சிவப்புத் துணி நாக்கு மாதிரி வெளியே வந்தது. லோரி முகப்பில் வைத்து விரித்தார். கம்பில் கட்டுவதற்கென்று ஆபீசில் கொடுக்கிற துணியைச் சிலர் கோவணத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று, ஒவ்வொன்றின் மூலையிலும் பிளாக் நம்பரையும் தேதியையும் கிராணி தம் கையாலேயே மையில் எழுதித்தான் கொடுப்பார். மூன்று தண்ணீரிலும் மை போகவில்லை. பதினாலு. கீழே அந்த வெள்ளிக்கிழமைத் தேதி. தம் எழுத்தையே அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

சேது லோரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுதான் போலிருக்கிறது. நான் கவனிக்கவில்லை, லீலாவதியிடம் பொம்மையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"குடு பாப்பா. தாத்தா தச்சுத் தர்றேன். அறுத்த எடமே தெரியாது."

தரவில்லை. பின்னால் நகர்ந்து தகப்பனின் காலுக்குப் பின்னே நின்றுகொண்டாள். இராமையா கையை ஓங்கினான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எதற்காக ஓங்கினான்? குழாயடியில் அவன் பேசியது தவறு என்று நான் நிரூபித்ததற்காகவா? பிள்ளைகள் தெருவுக்குப் போகாமல் காப்பாற்றியவன் நான் என்பது ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா?

கிராணி வீட்டுச் சாவியைக் கங்காவின் கையில் திருப்பி வைத்தார்.

"சாமான எறக்குங்கம்மா. தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். பிறகு ஓட்டுகிற இடத்தை நிமிர்ந்து பார்த்தார். "சோமு, லோரிய எங்கயும் கொண்டு போயிராத. இன்னொரு வீட்டுச் சாமான் ஏத்த வேண்டி வரும்."

என் மகன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். எந்த வீட்டுச் சாமான் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் நேரமில்லை, ஏனென்றால் அப்போதுதான் ரெங்கசாமி கிராணி என் பக்கம் திரும்பினார்.

"நம்புறேன் மண்டோரே," என்றார். "நீங்கதான் செஞ்சிருக்கீங்க."