வலிக்காத கட்டைவிரல்

மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறியதும் முன்சீட்டு மாமி தன் தோழியிடம் சொன்னாள்: “எங்காத்து மாமா கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸையே கெடுக்கப் பார்த்தார்டி.”

“டாக்டர் மேல போட்ட கேஸா?”

“ஆமாம். சுகர்காரர் கால்ல புண்ணுன்னு போனா, செருப்புக் கடின்னு களிம்பு தந்தே மாசக்கணக்கா இழுத்தடிச்சார். கடைசியில கட்டைவிரலையே எடுக்கவேண்டியதாயிடுத்து. ரொம்ப வலிச்சுதுன்னு சொல்லுங்கோன்னு வக்கீல் படிச்சுப் படிச்சு சொன்னார். ஜட்ஜ் கேட்டதும் இவர், ‘துளிகூட வலிக்கலை’ன்னுட்டார்.”

“ஐயையோ!”

“வக்கீல் உடனே எழுந்து, ‘சுகர் முத்தினா வலியே தெரியாது, அதான் ஆபத்து, டாக்டர்தான் கவனிச்சிருக்கணும்’னு போட்டார் ஒரு போடு.”

“ஜட்ஜ் என்ன பண்ணினார்?”

“தீர்ப்பு எங்க பக்கம்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஷூவைக் கழட்டி, குனிஞ்சு தன் பாதத்தைப் பாத்துண்டார். அவருக்கும் சுகராம்.”