நடு ஸ்பீக்கரில் வரும் பேச்சு

நகரியிலிருந்து திருப்பதி போன பஸ்ஸில், கடைசி சீட்டில் அன்று மூன்றே பேர்: விசைத்தறிக்காரர் ஒருவர், அவர் சம்சாரம், நான். இறங்குமிடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு காதுதான் கேக்குது உனக்கு. அஞ்சு ஸ்பீக்கரு இன்னாத்துக்குய்யா?" என்றார் அந்த அம்மா.

அதைக் கேட்டதும் எனக்கு ஜன்னல் மறந்துபோனது.

"ரெண்டு ஸ்பீக்கர் செட்டு பாட்டுக்குத்தான்மே லாயக்கு. ஹோம் தியேட்டர் ரிசீவர்னா அஞ்சு ஸ்பீக்கரையும் ஓட்டற பொட்டி; அதுல பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கர்ல தனியா வரும். கடைக்காரன் போட்டுக் காட்னான்."

"சினிமா பாத்துக் கிழிக்கப் போறியா?"

"புள்ள குவைத்துலேர்ந்து கேசட்ல பேசி அனுப்பறான். தறி சத்தத்துல கெட்ட காதுக்குப் பழைய டேப்புல ஒண்ணும் புரியல. நீதான் கேட்டுச் சொல்ற. அதுல பாதி உன் பேச்சு."

அவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. புத்தூர் தாண்டியதும் கணவர் பக்கம் திரும்பினார்.

"வாங்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். போன கேசட்ல அவன் பொங்கலுக்கு வரேன்னு சொல்லல. நான்தான் சொன்னேன்."

"பின்ன அவன் இன்னா சொன்னான்?"

"வர முடியாதாம். விசா வாங்கிக் குடுத்த ஏஜென்ட்டுக்கு இன்னும் முப்பதாயிரம் பாக்கி கீதாம்."