யோர்டிஸ் என்னும் ஆப்பிள்

"இதுக்கு உன் பேரையே வெச்சிடலாமா, யோர்டிஸ்?" என்று ஆல்ரிக் கேட்டார்.

காப்பி நேரம். எல்லோர் வாயிலும் இலவங்கப்பட்டை பன். நான் திடுக்கிட்டு மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தேன். ஆல்ரிக் வட ஸ்வீடன்காரர், அவர் ஊரில் அப்படி மூச்சை இழுத்தால் 'ஆமாம்' என்று பொருள். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

ஸ்வீடனின் தெற்குக் கோடியில் இருக்கிறது எங்கள் ஆய்வுத் தோட்டம். ஆல்ரிக் இருபது வருடமாக அங்கே ஆப்பிள் இனங்களைக் கலந்துகொண்டிருந்தார். கன்றுகளின் இலையைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்புவது என் வேலை. தேறாதவற்றுக்குச் சிவப்பு நாடா கட்டுவேன், அவற்றை வெட்டிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு மரம்தான் அவர் நினைத்தபடி வந்தது. நோய் அண்டாது, கடித்தால் தேன். அதே தாய் தகப்பனை மறுபடி சேர்த்தாலும் அந்தப் பிள்ளை பிறக்காது. குளிர்காலத்தில் குச்சி வெட்டி ஒட்டுப்போட்டுத்தான் பெருக்க வேண்டும்.

கூட வேலை செய்யும் பிரிட்டா என்னை விடவில்லை. "கடைக்குப் போயி, 'யோர்டிஸ் சொத்தையா இருக்கு, மாத்திக் குடுங்க'ன்னு கேப்பேன்டி. அமுக்கிப் பாத்துத்தான் வாங்குவேன்."

"நாடே உன்னக் கடிக்கப்போகுது, போ," என்றார் ஆல்ரிக், பெருமையாக.

வகுப்பில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

ஆகவே இலை உதிர்ந்ததும் அந்த மரத்தின் எண் தகட்டைப் பக்கத்து மரத்தில் மாட்டினேன். பக்கத்து மரத்தின் சிவப்பு நாடாவை இதற்குக் கட்டினேன். மொட்டை மரங்களில் என்ன வித்தியாசம் தெரியும்? ரம்பத்தை ஆல்ரிக்கே பிடித்தார். அவருக்கு முதுகுவலி என்பதால், கிளைகளை நான்தான் இழுத்துப்போய் நெருப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. பிறகு அவர் பக்கத்து மரத்தில் குச்சி வெட்டியபோது, வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றிக்கொடுத்ததும் நான்தான்.

வசந்தத்தில் ஒட்டுக்கன்றின் இலை வேறு கதை சொன்னது. தகட்டை மாற்றியது யார் என்று ஆல்ரிக் கேட்டார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

யாரும் வாங்கித் தின்றிராத பழம், யாருக்கு என்ன நஷ்டம் என்று ஆறுதலாகச் சொன்னேன். அந்தக் கோடையோடு அவருக்குப் பணி ஓய்வு. இருந்தாலும், "அடுத்ததுக்கு பிரிட்டா பேர வெச்சுக்கோங்க, அவளுக்குக் கூச்சமே கிடையாது," என்று யோசனையும் சொன்னேன்.

கோபமாக இருந்தால் ஏதாவது திட்டியிருப்பார். அவர் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், கதவைச் சாத்திவிட்டுப் போனார்.