மூன்றாவது பத்தி

"ஹலோ... ஆமா சார், டீச்சர்தான் பேசுறேன்... ஒரு நிமிஷம், ஜன்னல் பக்கம் வந்துடுறேன். இங்கதான் சிக்னல் கிடைக்கும்... ம், இப்பச் சொல்லுங்க."

ஆசிரியர் அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு அவள் எழுதிக் கொடுத்த 'நம் ஏரி' பாடத்தைப் பற்றிப் பேசத்தான் பாடநூல் குழுச் செயலர் கூப்பிட்டிருந்தார். அன்று சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

"நல்லா வந்திருக்கா? சந்தோஷம் சார்... சின்னத் திருத்தமா... சரி... சரி... எது, மூணாவது பத்தியா?"

ஊர்க் காகித ஆலையின் கழிவு கலந்து ஏரி மீன்கள் செத்து ஒதுங்கியதை அந்தப் பத்தியில்தான் எழுதியிருந்தாள்.

"ஆலைய எடுத்துட்டு 'மனிதச் செயல்பாடுகள்'னு போடணுமா... எந்த மனுஷன் சார்?... இல்ல, குதர்க்கம் பேசல. பசங்க கேப்பாங்க, அதான்... 'நாம் அனைவரும்'னா? நானுமா... அந்த அஞ்சாம் வகுப்பு வாண்டுங்களுமா... சரி."

பயிற்சியிலும் கைவைத்திருந்தார்கள். 'ஏரி எப்படிக் கெட்டது?' என்ற கேள்வி போய், 'பல் துலக்கும்போது குழாயை மூடுவாயா?' என்று வந்திருந்தது.

"மூடுவாங்க சார். மூடியேதான் கிடக்கு. இங்க லாரித் தண்ணிதான்... ஆமா, ஆமா, நீடித்த வளர்ச்சிக்கு நல்ல பழக்கம் வேணும், ஒத்துக்கிறேன்... அரசியலா? ஆலைன்னு எழுதுனா அரசியல், குழாய மூடுன்னு எழுதுனா அறிவியலா? அதுவும் அரசியல்தான் சார். குத்தத்தத் தூக்கிக் குழந்தைங்க தலையில கட்டுற அரசியல்."

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

"புத்தகத்துக்குப் பேப்பர் யாரு குடுக்குறா?... அந்த ஆலைக்காரங்களேவா... ம்... அத முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

அந்தப் பத்தி இல்லாவிட்டால் பாடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குழுவில் தன் இடமும் சேர்ந்து போகும் என்று தெரியும். அந்த இடத்துக்காக நடையாய் நடந்தவள் அவள்.

"போகட்டும் சார்... ம், வருத்தந்தான். வேற என்ன."

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"ஹலோ?... இருக்கேன்... என்ன சார், குரல் இறங்கிப்போச்சு... யாரு மனை வாங்கியிருக்கா? உங்க பொண்ணா?... எங்க ஏரிக்கரையிலயா... கிணறு வெட்டலாமான்னு என்கிட்டயா கேக்குறீங்க?"

நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இதைவிடத் தோதான நேரம் வாய்க்காது.

"கைக்குழந்தை வேற இருக்கா..."

வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

"பொண்ணு பக்கத்துலதான் இருக்கா? குடுங்க, நானே சொல்றேன்... நல்லா இருக்கேம்மா... கிணறு வேணாம்மா... இல்ல, ஆழமாப் போட்டாலும் அதே தண்ணிதான். ஏன்னா... எழுதிக்கிறியா? சரி, எழுதிக்கோ."

அவர்கள் அடித்துவிட்ட பத்தியை, வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒரு சொல்கூட மாறவில்லை.

"புரிஞ்சுதா?... ஆமாம்மா, பேப்பர் மில்தான்... அப்பாவுக்குத் தெரியுமாவா? பக்கத்துலதானே நிக்கிறாரு, கேளு... ஹலோ?... ஹலோ?"