இது யாரோட இடது?

மச்சான்: டிக்கியைத் திறக்காதீங்க அத்தான்.

டாக்டர்: தண்ணி பாட்டில் அதுலதானே இருக்கு?

மச்சான்: முன்சீட்டுல இருக்கு. டிக்கி பூட்டு மக்கர் பண்ணுது... திறந்தா மூடாது. நீங்க உங்க ரிமோட் விமானத்தைக் கவனிங்க.

டாக்டர்: என்ன அழகு பாரு, மஞ்சள் கலர்ல. முதல்ல போனது சிவப்பு. அடுத்தது நீலம்.

மச்சான்: சிவப்பு மரத்து மேல. நீலம் மீசைக்காரர் கார் மேல.

டாக்டர்: கார் மேலன்னு சொல்லாதே. கண்ணாடி மேல. கார் நல்லாத்தான் இருந்தது.

மச்சான்: அவர் அப்படிச் சொல்லலையே.

டாக்டர்: மைதானத்தைப் பார்த்துக்கிறவருக்குக் கொஞ்சம் பொறுமை வேணும். அந்த மீசையைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கு. கடைவாய்ப் பல்லை வேரோட எடுக்கும்போதுகூடப் பயப்படாத பல் டாக்டர் நான்.

மச்சான்: அதோ, நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். தலையில ஹெல்மெட்.

டாக்டர்: பைக்ல வந்திருப்பார்.

மச்சான்: பைக்கை விட்டு இறங்கி ரொம்ப நேரமாச்சு.

டாக்டர்: சிரி, சிரி... உனக்கென்ன. உங்க அக்கா என்ன சொன்னா தெரியுமில்ல? இதுவும் உடைஞ்சா இந்த விளையாட்டே வேண்டாம், விமானச் சாமான் வெச்சிருக்கிற ரூமைக் காலி பண்ணிடணும்னுட்டா. நானும் பெருந்தன்மையா தலையாட்டிட்டேன்.

மச்சான்: தெரியும். என்கிட்டயும் சொன்னா.

டாக்டர்: என்ன சொன்னா?

மச்சான்: அதேதான்... சரி, ஆரம்பிப்போம். பெட்டியில இருந்த பேப்பரை நான் படிக்கிறேன், நீங்க செய்யுங்க.

டாக்டர்: அதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மச்சான்: போன ரெண்டு தடவையும் மனப்பாடம்தானே?

டாக்டர்: சரி சரி, படி.

மச்சான்: இறக்கைக்கு அடியில ரெண்டு விரல் குடுத்துத் தூக்கணும். மூக்கு லேசா கீழே சாயலாம், வால் சாயக்கூடாது.

டாக்டர்: சாயலை. பேட்டரியைச் சரியான இடத்துலதான் வெச்சிருக்கேன்.

மச்சான்: முதல்ல ரிமோட் ஆன். வேகக் குச்சி அடியில இருக்கணும். அப்புறம்தான் விமானத்துல பேட்டரி இணைப்பு... அத்தான், விசிறிக்கு நேரா ஏன் குனியறீங்க? பின்னாடி வாங்க.

டாக்டர்: பழக்கதோஷம்டா. எதைப் பார்த்தாலும் எதிர்ல போய் உள்ளே எட்டிப் பார்க்கத் தோணுது.

மச்சான்: அது சுத்த ஆரம்பிச்சா உங்க மூக்குக்குத் தையல் போட வேற டாக்டரைத் தேடணும். இப்படி வால் பக்கம் நில்லுங்க. ம்... திருப்பற குச்சியை எந்தப் பக்கம் தள்ளினா, அந்தப் பக்கத்து இறக்கையோட பின்ஓரப் பட்டை மேல எழும்பணும். இடது தள்ளுங்க.

டாக்டர்: தள்ளிட்டேன். எழும்புதா?

மச்சான்: எழும்புது. ஆனா வலது.

டாக்டர்: அது இடது.

மச்சான்: எது?

டாக்டர்: அதான், உன் வலது கை இருக்கிற பக்கம்.

மச்சான்: என் வலது கைப் பக்கம் எப்படி இடதாகும்?

டாக்டர்: உன் வலது கைன்னா அதுக்கு இடதுதானே? இதுகூடத் தெரியலையா?

மச்சான்: அத்தான்... கொஞ்சம் தண்ணி குடிங்க.

டாக்டர்: டேய், இத்தனை வருஷமா நான் இடதுன்னா அது பேஷண்டோட இடது. என் கைக்கு அது வலது. இதுல தப்பு பண்ணினா நல்ல பல்லு போயிடும்.

மச்சான்: பேஷண்ட் உங்களைப் பார்த்து வாயைத் திறந்துக்கிட்டு உட்காருவார். இது உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. பஸ்ல முன்சீட்டுக்காரர் மாதிரி. அவர் இடதும் நம்ம இடதும் ஒரே பக்கம்தானே?

டாக்டர்: இரு... பஸ்ல உட்கார்ந்து பார்க்கிறேன்.

மச்சான்: நிதானமா பாருங்க.

டாக்டர்: அப்போ சிவப்பு?

மச்சான்: அதை யார் செட் பண்ணினது?

டாக்டர்: நான்தான். மேஜையில வெச்சு, குச்சியைத் தள்ளிப் பார்த்தேன். கம்பெனிக்காரன் மாத்தி அனுப்பிட்டான்னு ரிமோட்ல இடது வலதை மாத்தற சுவிட்சைத் திருப்பிவிட்டேன். நீலத்துக்கும் இதுக்கும் அதேதான். ஃபோன் போட்டு அவனைத் திட்டினேன்கூட... பாவம், அவன் மன்னிப்பு வேற கேட்டான்.

மச்சான்: மீசைக்காரர்கிட்ட?

டாக்டர்: காத்து இழுத்துடுச்சுன்னேன். அன்னிக்கு இலைகூட அசையலை.

மச்சான்: ஒண்ணு கேக்கலாமா... போன வருஷம் எனக்கு ஒரு பல்லு பிடுங்கினீங்களே...

டாக்டர்: அது சரியான பல்லுதான்டா. நீ எதிர்ல உட்கார்ந்திருந்தே.

மச்சான்: நல்ல வேளை. சுவிட்சை மாத்துங்க.

டாக்டர்: மாத்திட்டேன். இடது தள்றேன்... எந்தப் பக்கம்?

மச்சான்: இடது. முன்சீட்டுக்காரர் இடது, என் இடது, ஊருக்கே இடது. இப்போ ரிமோட்டை எடுத்துட்டுத் தள்ளிப் போய், அங்கிருந்தும் அசைச்சுப் பாருங்க.

டாக்டர்: இங்கிருந்து ரிமோட் சொல்றது விமானத்துக்குக் கேக்குதா?

மச்சான்: கேக்குது. நல்லா ஆடுது. போதும், வாங்க.

டாக்டர்: காத்து பார்க்க உன் கைக்குட்டையைப் பிடி. எந்தப் பக்கம் பறக்குது?

மச்சான்: நம்மைப் பார்த்துப் பறக்குது. காத்து எதிர்ல.

டாக்டர்: எதிர்க்காத்துலதான் ஏத்தணும். விடட்டுமா?

மச்சான்: இருங்க... தள்ளுவண்டியில குழந்தையை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா குறுக்கே போறாங்க. அவங்க வேலிக்கு அந்தப் பக்கம் போகட்டும்.

டாக்டர்: அவங்க ஏன் இவ்வளவு மெதுவா போறாங்க? ஒரே ஒரு தடவை முழுசா ஏத்தி முழுசா இறக்கிட்டா போதும்டா.

மச்சான்: போயிட்டாங்க. விடுங்க.

டாக்டர்: வேகம் குடுக்கிறேன்... ஓடுது... ஓடுது...

மச்சான்: ஏறிடுச்சு அத்தான்.

டாக்டர்: தெரியுது, கத்தாதே. மரம் வருது. எந்தப் பக்கம்?

மச்சான்: இடது. பஸ்ஸு, பஸ்ஸு...

டாக்டர்: முன்சீட்டுக்காரர் இடது... திரும்பிடுச்சு. அட, சொன்ன பேச்சு கேக்குதே.

மச்சான்: இப்போ நம்மளைப் பார்த்து வருது. இனிமே இடது வலது மாறிடும், எல்லாரும் இங்கதான் கோட்டை விடுவாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. பார்த்து...

டாக்டர்: எதிர்ல வந்தா நீ வாயே திறக்காதே. இது என் ஏரியா.

மச்சான்: உண்மையிலேயே நேரா வருதே.

டாக்டர்: அப்படித்தான்... பயப்படாதே கண்ணு... வலிக்காது... சின்ன ஊசிதான்...

மச்சான்: யாரோட பேசுறீங்க?

டாக்டர்: பேஷண்ட்டோட. வேகத்தைக் குறைக்கிறேன்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு... வாயைக் கொப்பளி.

மச்சான்: இறங்கிடுச்சு. அத்தான், முழுசா இருக்கு.

டாக்டர்: சக்கரம்?

மச்சான்: இருக்கு.

டாக்டர்: வால்?

மச்சான்: இருக்கு. மீசைக்காரர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டார்.

டாக்டர்: முதல்ல விமானத்து பேட்டரியைக் கழட்டு. அப்புறம்தான் ரிமோட்டை அணைக்கணும்... என்னடா, கண்ணு கலங்குது எனக்கு.

மச்சான்: தூசியா இருக்கும்.

டாக்டர்: தூசி இல்லை. சந்தோஷம்டா... மச்சான், ஒண்ணு சொல்றேன். வீட்டுல சொல்லலை. உடைஞ்சாலும் உடையலைன்னாலும் இன்னியோட நிறுத்திடறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பினேன்.

மச்சான்: என்னது?

டாக்டர்: கிளினிக்கை மூடினதுலேருந்து உங்க அக்காவைத் தனியா விட்டுட்டு இங்கேயே கிடக்கேன். பாவம் அவ. நாளையிலேருந்து வீட்டோட இருக்கப்போறேன். சமையல், கடை கண்ணி, எல்லாத்துலயும் அவகூடவே.

மச்சான்: நாள் முழுக்கவா?

டாக்டர்: நாள் முழுக்க. மழைக்காலத்துல இங்க வர முடியாம அப்படித்தானே இருந்தேன்? அவ சாப்பிடும்போது பக்கத்துலயே உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் எத்தனை தடவை மெல்றான்னு எண்ணிச் சொன்னேன். பக்கத்து வீட்டம்மாவுக்குக்கூட வாசல்லயே டார்ச் அடிச்சுப் பல்லைப் பார்த்தேன்.

மச்சான்: அந்தம்மா இப்போ வர்றதே இல்லை.

டாக்டர்: பல்லு சரியாயிடுச்சுன்னு அர்த்தம். நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?

மச்சான்: அத்தான்... டிக்கியைத் திறங்க.

டாக்டர்: பூட்டு மக்கர்னியே?

மச்சான்: பூட்டு நல்லாத்தான் இருக்கு. திறங்க.

டாக்டர்: ...டேய், இதே மஞ்சள். இறக்கை வரைக்கும் மாட்டி ரெடியா இருக்கு... யார் வாங்கினது?

மச்சான்: அக்காதான். அன்னிக்குக் கோபத்துல வாயை விட்டுட்டா, நீங்க தலையாட்டினதுலேருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. உங்களோடது உடைஞ்சா, நீங்க பார்க்காத நேரத்துல இதை எடுத்து வெச்சுட்டு ஒண்ணுமே ஆகலைன்னு அடிச்சுச் சொல்லச் சொன்னா... எங்கே நீங்க வீட்டோட அவகூடவே இருந்துடப் போறீங்களோன்னு பயந்து.