ஒரே ஊர்க்காரன்

— நூத்தித் தொண்ணூறு. இருநூறுக்கு நூத்தித் தொண்ணூறு எடுத்தன், அம்ஜத். நீ எவ்வளவு?

— நூத்திப் பத்து. விடு மச்சான். கொரியாவில இருந்து லீவுல வாற நேரமெல்லாம் இதைத்தானே கேக்குற.

— கேப்பன். கொரியா வேலைக்குப் போற அந்தச் சோதினைக்கு உனக்குக் கொரியப் பாசை படிப்பிச்சவன் நான். மூணு மாசம். உனக்கு மீனுக்கும் தண்ணிக்கும் அங்க என்ன பேரெண்டே மண்டையில ஏறல்ல.

— ஓம். இல்லையெண்டு சொன்னனா?

— இப்ப உனக்கு மேல்மாடி வீடு. என்ட பொஞ்சாதி ஃபஹ்மியா என்ன சொல்றா தெரியுமா? "படிச்ச மாப்பிள்ளையெண்டு முடிச்சன், மழைக்கு ஒழுகாத ஓடுகூட இல்ல" எண்டு. எனக்கு வயிறு எரியுது. ஒளிக்கல்ல.

— விடு, நஸீர்.

— அங்க உனக்கு என்ன வேலை?

— இந்தக் கண்டக்குழிக் கடல்ல செஞ்ச அதே வேலைதான். வலை இழுக்கிற. அங்க மெசின் இழுக்கும். நான் சுவிச்சை அமத்துவன்.

— சுவிச்சை அமத்த என்ட பத்து மாசச் சம்பளம். நான் இந்த லொட்ஜில வெள்ளைக்காரனோட மூணு பாசையில கதைச்சு, கணக்கும் எழுதி, கக்கூஸ் அடைச்சாலும் ஆள் பிடிக்கிறன்.

— அங்க மூளைக்கெண்டு தனிச் சம்பளம் இல்ல, மச்சான். எங்கட மீன்பிடி போட்டுல நேபாளத்து எஞ்சினியர் ஒருத்தன். அவனுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்தான்.

— அப்ப என்னை ஏன் எடுக்கல்ல? ரெண்டு வருசம் என்ட பேர் லிஸ்டில கிடந்து காலாவதியாகிச்சு. புள்ளி கூடினவன் இங்க, குறைஞ்சவன் அங்க. எனக்கு அதுதான் கணக்கு வரல்ல.

— முதலாளிமார் புள்ளி பாக்கிறல்ல. போட்டோ பாப்பாங்க, வயசு பாப்பாங்க. வரப்போறவன்ட ஊர் ஆள் யாரும் அங்க வேலையில இருந்தா, அவன்ட்ட விசாரிப்பாங்க.

— உன்ட்ட விசாரிச்சாங்களா?

— சாயா ஆறுது, குடி.

— அம்ஜத்.

— போன முதல் வருசமே. முதலாளி உன்ட போட்டோவை எனக்கு முன்னால வெச்சார். "உன்ட ஊராம், எப்படி ஆள்?" எண்டார்.

— நீ என்ன சொன்ன?

— பத்து வருசம் வகுப்பில உன்னைக் காட்டித்தான் எனக்கு அடி விழுந்திச்சு. உம்மாவும் உன்னைத்தான் காட்டுவா. அங்க போய்த்தான், மச்சான், நானும் ஒரு மனிசனா நிண்டன். நீயும் வந்தா, ஒரு மாசத்துல முதலாளி உன்னைத்தான் கூப்பிடுவார்.

— என்ன சொன்ன எண்டு கேட்டன்.

— கள்ளன் எண்டு சொன்னன்.