விழுந்தாலும் தாங்கற மைக்

ஹலோ... ஹலோ, மாப்ள, கேக்குதா?... ஆமாமா, நான்தான், உங்க மச்சான். மைக் கடையில நிக்கறேன்... கால் எப்படி இருக்கு?... சரி சரி, ஆறிடும். ஆஸ்பத்திரிக் கதைய அப்புறம் சொல்லுங்க, இங்க எனக்கு அவசரம்.

நீளக் குழாய் மாதிரி ஷாட்கன் மைக் ரெண்டு எடுத்து வச்சிருக்காரு கடைக்காரர். ஒண்ணு கறுப்பு, நல்ல கனம், பித்தளை உடம்பு. இன்னொண்ணு வெள்ளிக் கலர், கையில எடுத்தா எடையே தெரியல. நமக்கு வெளிப்புறப் படப்பிடிப்பு. மழை, வெயில், புழுதி எல்லாம் தாங்கணும். எது?... ம்... ம்... கறுப்பு. ஈரம் பட்டாலும் இரையாது... சரி. விழுந்தா? அதான் முக்கியம், விழுந்தா தாங்குமா?

பழசா? அது எங்க! நீங்க பாறையிலேர்ந்து விழுந்த மறுநாளே மண்டையப் போட்டுடுச்சு... தெரியும் மாப்ள, நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் விழுந்தீங்க. பார்த்துட்டுத்தானே இருந்தேன். மைக்க விட்டுட்டு பாறையப் பிடிச்சிருக்கலாம், விடலையே! அந்த விசுவாசம் யாருக்கு வரும்?... ஆனா என்ன பிரயோஜனம், செத்துடுச்சே.

காத்துக்கு மாட்டற ரோம உறையும் வாங்கணுமா?... பெருசா. சரி, சரி.

என்ன?... யாரு பிடிக்கறது, நீங்களா? ஐயோ, சிரிப்பு காட்டாதீங்க. மைக் மாட்டின நீளக் கம்பியத் தூக்கிப் பிடிக்க ரெண்டு காலும் வேணும் மாப்ள. ஆள் போட்டாச்சு... நேத்தே. யோவ், கத்தாதய்யா! தங்கச்சி மூஞ்சிக்காகத்தான் உன்ன வச்சிருந்தேன்... கம்பிதானே பிடிச்ச, கேமராவா பிடிச்ச?

...சரி, அழாதீங்க. பக்கத்துக் கட்டில்காரன் என்ன நினைப்பான்? இருங்க, உங்களுக்குன்னே ஒரு வேலை வச்சிருக்கேன்... ஆமா, சத்தியமா. படுத்த இடத்துலேயே.

அன்னிக்கு நீங்க விழும்போது ரெக்கார்டிங் ஓடிட்டே இருந்துச்சுல்ல? கேட்டேன். அப்பப்பா, என்ன அலறல்! புல்லரிச்சுப் போச்சு. ஹீரோ கிணத்துல விழற சீனுக்கு அப்படியே பொருந்துது. ஒரே ஒரு குறை. ஹீரோ அம்மான்னு கத்தணும். நீங்க மச்சான்னு கத்தியிருக்கீங்க... ஆமா, என்னத்தான். ரெண்டு தடவை. ரொம்பத் தெளிவா இருக்கு... நான் என்ன பண்ண முடியும், ஷாட் ஓடிட்டிருந்துச்சே! கட் சொன்னதும் ஓடி வந்தேனா இல்லையா?

அதனால நாளைக்குப் புது மைக்க அங்கேயே கொடுத்தனுப்பறேன். கட்டு எப்ப மாத்தறாங்க?... காலையில. நல்லது, சத்தம் இருக்காது. மரத்துப்போற ஊசிய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க... நடிச்சா வராது மாப்ள. எனக்கு நெசம் வேணும். அம்மான்னு ஒரே ஒரு தடவை...

யாரு... தங்கச்சியா? நீ எதுக்கும்மா ஃபோன வாங்கற?... இரு... இரும்மா... அண்ணன் சொல்றதக் கேளு... என்ன வார்த்தை பேசற நீ! உன் புருஷன் உசுரோடதானே இருக்கான்?... ஹலோ?... ஹலோ?

வச்சிட்டா... அண்ணே, அந்தக் கறுப்பையே கட்டிக் கொடுங்க. எங்க மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்.